ஊசி அறைக்குள் பாட்டு: கோவை குழந்தைகள் வார்டு ஒன்றின் இசைச் சேவை, ஒரு மதிப்புரை

கோவையில் தனியார் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில், கேனுலா (மருந்து ஏற்ற இரத்த நரம்பில் சொருகும் மெல்லிய குழாய்) போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் தீப்புண் கட்டு மாற்றும்போதும் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து பாடுவதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரை வைத்திருக்கிறார்கள். கையில் சின்ன கிட்டார் மாதிரியான உகுலேலே, தோளில் ஒரு பை. பிள்ளைகளுக்கு அவர் 'பாட்டு அக்கா'. இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். ஈரோடு, சேலம், திருப்பூர் பக்கம் இதே மாதிரி தொடங்க நினைக்கும் வார்டுகளுக்கும், பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கேனுலாவுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இந்தச் சேவை மிக நன்றாக நடக்கிறது. தீப்புண் கட்டுக்கு நன்று, வலி மருந்து நேரத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும். முதுகில் தண்ணீர் எடுப்பதற்கு, அதாவது முதுகெலும்புக்குள் இருக்கும் நீரை ஊசியால் எடுப்பதற்கு, இப்போது பயன்படுத்தும் ஹெட்போனை மாற்றியே ஆகவேண்டும். இரவு கேஷுவால்டியில், அதாவது அவசரப் பிரிவில், சேவையே இல்லை.

வார்டு வராந்தாவில் ஸ்பீக்கர் மாட்டி வீணை இசை ஓடவிடுவதை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அது காத்திருக்கும் பெரியவர்களுக்கு இதமாக இருக்கலாம். ஊசியைப் பார்த்துக் கத்தும் நான்கு வயதுப் பிள்ளையின் காதில் அது விழவே விழாது. பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது, எங்கே பார்க்கிறது, எந்தக் கையை இறுக்குகிறது என்று கவனித்து அந்த நொடியிலேயே பாட்டை மாற்றும் ஆள் ஒருவர் இருந்தால்தான் அது சிகிச்சை. பதிவுசெய்த இசையும் பயன்படும், ஆனால் அதற்கும் ஒரு கை வேண்டும்.

வலி என்பது தோலில் குத்தியதும் தந்தி அடித்த மாதிரி மூளைக்குப் போய்ச் சேரும் ஒன்றல்ல. முதுகுத் தண்டில் அந்தச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாசல் இருக்கிறது, மூளையிலிருந்து கீழே வரும் கட்டளைகளும் அந்த வாசலைத் திறக்கும், மூடும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் 1965-ல் எழுதினார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. பயந்த பிள்ளைக்கு அதே ஊசி அதிகம் வலிக்கும்; கவனம் வேறு வேலையில் இருக்கும் பிள்ளைக்குக் குறைவாக வலிக்கும். 'வேலை' என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறோம். சும்மா பாட்டுக் கேட்பதைவிட, பாட்டில் தனக்கென ஒரு பங்கு இருக்கும்போதுதான் கவனம் உண்மையில் நகர்கிறது.

ஆய்வுகளின் நிலையையும் உள்ளபடி சொல்லவேண்டும். இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் 4 முதல் 13 வயது வரையான 108 பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்தபோது, ஒரு பிரிவுக்கு இசைக் கலைஞர்கள் பக்கத்தில் இருந்து வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தவிப்பும் வலியும் குறைவாக இருந்தன என்று 2007-ல் வெளியிட்டார்கள். வியட்நாமின் ஹனோயில் 2010-ல் வந்த ஆய்வில், இரத்தப் புற்றுநோய் உள்ள 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 40 பேர். முதுகுத் தண்ணீர் எடுக்கும்போது எல்லாருக்கும் இயர்போன் மாட்டிவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் இசை ஓடவிட்டார்கள். இசை கேட்டவர்களுக்கு வலி மதிப்பெண், நாடித் துடிப்பு, மூச்சு வேகம் எல்லாமே குறைவு. கனடாவின் எட்மன்டனில் 3 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 42 பேருக்கு அவசரப் பிரிவில் லைன் (கேனுலா) போட்டபோது, இசை இல்லாத பிரிவில் வலி மதிப்பெண் 2 புள்ளி ஏறியது, இசைப் பிரிவில் ஏறவில்லை என்று 2013-ல் எழுதினார்கள். ஆனால் அதே ஆய்வில், தவிப்பைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு மொத்தக் கணக்கில் தெரியவில்லை. ஆக, இசைக்குப் பலன் உண்டு. ஊசிக்கு முன் தோலை மரக்கவைக்கும் களிம்பின் இடத்தை அது பிடிக்காது. "பாட்டுத்தான் இருக்கே, களிம்பு எதுக்கு" என்று கேட்கும் எந்த வார்டும் இந்தச் சேவையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இந்த மருத்துவமனையில் அப்படி யாரும் கேட்பதில்லை என்பது முதல் நல்ல விஷயம்.

திட்டமிட்ட கேனுலா ஒன்று இங்கே எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஊசிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே சிஸ்டர் வந்து இரண்டு இடங்களில், பெரும்பாலும் இரண்டு புறங்கைகளிலும், லிக்னோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் சேர்ந்த களிம்பைத் தடிப்பாக வைத்து மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுகிறார். தேய்த்து விடுவதில்லை, குவித்து வைப்பதுதான் சரி. 60 நிமிடம் ஆகாமல் எடுத்தால் மேல்தோல் மட்டும் மரத்திருக்கும், உள்ளே வலிக்கும். இரண்டு இடம் எதற்கு என்றால் முதல் நரம்பு கிடைக்காவிட்டால் மரக்காத இடத்தில் குத்தும் நிலை வரக்கூடாது. களிம்பு இரத்தக் குழாயைச் சுருக்கும், தோல் வெளுக்கும். துடைத்த உடனே குத்தப் போனால் நரம்பு தெரியாது. ஐந்து பத்து நிமிடம் விட்டால் குழாய் மறுபடி விரியும்.

அந்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் பாட்டு அக்கா உள்ளே வருகிறார். இந்த நேரக் கணக்கைத்தான் நாங்கள் அதிகம் பாராட்டுகிறோம். சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்த பிறகு பாட்டைத் தொடங்கினால், பிள்ளைக்குப் பாட்டு என்பதே ஆபத்து வருகிறது என்ற அறிவிப்பாகிவிடும். முன்கூட்டியே வந்தால் பாட்டு அறையின் இயல்பாகிவிடுகிறது, ஊசி அதற்கு நடுவே வந்து போகிறது.

வந்ததும் முதலில் பாடுவதில்லை, கேட்கிறார். காது வலி உண்டா, சத்தம் கேட்டால் பயப்படுமா, காதுக் கருவி இருக்கிறதா, வீட்டில் என்ன பேசுவீர்கள். கடைசிக் கேள்வி கொங்கு நாட்டில் ரொம்ப முக்கியம். கோவை மருத்துவமனை வார்டில் தமிழ் மட்டும் பேசும் வீடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெலுங்கு பேசும் வீடுகள், தாளவாடிப் பக்கத்திலிருந்து கன்னடம், பாலக்காட்டிலிருந்து மலையாளம், நீலகிரியிலிருந்து படுகு, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்களின் இந்தியும் ஒடியாவும் வங்காளமும். பிள்ளைக்குப் புரியாத மொழியில் பாடினால் மெட்டு மட்டும்தான் வேலை செய்யும். இந்தச் சேவையில் அம்மாவையோ அப்பத்தாவையோ வீட்டுப் பாட்டின் இரண்டு வரியைப் பாடச் சொல்லிக் கேட்டு, உகுலேலேயில் சுருதி பிடித்து, அவர்களையே பாடவைக்கிறார். பாட்டு அக்காவின் குரலைவிட அந்தக் குரல் பிசிறாக இருக்கும். பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

பிறகு உட்காரும் விதம். படுக்கையில் மல்லாக்கப் போட்டு நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும் பழக்கம் இங்கே இல்லை. அம்மா நாற்காலியில் உட்கார, பிள்ளை அம்மாவைப் பார்த்தபடி மடியில், நெஞ்சோடு நெஞ்சாக. ஒரு கை அம்மாவின் அக்குளுக்குக் கீழே பின்னால் நீட்டியிருக்கும். அந்தக் கையில்தான் சிஸ்டர் வேலை செய்வார். மறுகை சும்மா இருக்கும். அந்தக் கையில் முட்டை வடிவக் கிலுகிலுப்பை ஒன்று. பாட்டு அக்கா அம்மாவின் தோளுக்குப் பின்பக்கம், பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து அல்லது முட்டி போட்டு, சுமார் ஒரு மீட்டர் தள்ளி. விளக்கை மறைக்கக் கூடாது, சிஸ்டரின் டிரேயை இடிக்கக் கூடாது, ஊசி இருக்கும் பக்கம் நிற்கவே கூடாது. பாட்டைத் தேடிக் கண்ணைத் திருப்பும் பிள்ளை ஊசியைப் பார்த்துவிடும்.

"கண்ணு, சிவப்பு வேணுமா மஞ்சள் வேணுமா?" என்று கிலுகிலுப்பையின் நிறத்தைக் கேட்கிறார். "வேகமாப் பாடறதா, மெதுவாப் பாடறதா சாமி?" என்று கேட்கிறார். "ஊசி போட்டுக்கலாமா?" என்று மட்டும் கேட்பதில்லை. பதில் 'வேண்டாம்' என்று வந்தால் மதிக்க முடியாத கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பது துரோகம். பிள்ளைக்கு உண்மையிலேயே கொடுக்கக்கூடிய தேர்வுகளை மட்டும் கொடுப்பது சரியான முறை, அதை இங்கே கறாராகப் பின்பற்றுகிறார்கள்.

இனி பாட்டு. வார்டுகளில் பலரும் செய்யும் பெரிய தவறு, கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நேராகத் தாலாட்டைத் தொடங்குவது. நாடி 140-ல் ஓடும் பிள்ளையிடம் தாலாட்டு ராகமான நீலாம்பரி எடுபடாது. தன் நிலை யாருக்கும் புரியவில்லை என்று இன்னும் பதறும். முதலில் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பாட்டு போகவேண்டும், அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அழுகையின் வேகத்துக்கே, சில நேரம் அழுகையின் சுருதிக்கே, சத்தமாக, குத்துத் தாளத்தில் தொடங்கி, பிள்ளை ஒரு கணம் நின்று பார்த்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் குறைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு என்ற அளவுக்கு இறக்குவது. அதற்கு மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். களிம்பு துடைத்த பிறகு காத்திருக்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கிறது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கும்மி நன்றாக எடுபடுகிறது. வள்ளி கும்மி இன்று கொங்கு ஊர்களில் கோயில் மைதானத்துக்கு மைதானம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். அதை இத்தனை காலம் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஶ்ரீயும் கிடைத்தது. ஆக அந்தக் கைத்தட்டு பிள்ளைகளின் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஊசி போடும் கையை அசைக்க முடியாது என்பதால் மறுகையால் அம்மாவின் முதுகில் தட்டச் சொல்கிறார்கள். கும்மியில் நடை மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். இங்கே தலைகீழாக, வேகமாகத் தொடங்கி இறக்குகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் கும்மியை அப்படியே கொண்டுவந்தால் உடம்பு குதிக்க ஆரம்பிக்கும், நரம்பு நழுவும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இட்டுக்கட்டிய பாட்டு. "காந்திபுரம் போற பஸ்ஸு, யாரு யாரு ஏறுனா?" என்று பாடிவிட்டு நிறுத்துகிறார். பிள்ளை ஒரு பெயர் சொல்லவேண்டும். "அப்பாரு!" என்று தாத்தாவைச் சொல்கிறது. அடுத்த சுற்றில் அப்பாரு டிக்கெட் எடுக்கிறார், மறுபடி பஸ் நிற்கிறது. நிறுத்தத்தில் பிள்ளை பதில் தேடும்போதுதான் சிஸ்டர் குத்துகிறார். இருவருக்கும் இடையில் ஒரு சைகை உண்டு: சிஸ்டர் தயாரானதும் லேசாகத் தலையசைப்பார், பாட்டு அக்கா அடுத்த நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டுவார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது குத்துவது தவறு, ஏனென்றால் அப்போது உடம்பும் அசையும். ஆனால் ஒன்று, ஊசி வருகிறது என்பதைப் பிள்ளையிடம் மறைப்பதில்லை. "இப்ப கையில ஒரு கிள்ளு வரும் கண்ணு, பஸ்ஸு ஓடிட்டே இருக்கும்" என்று பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். ஏமாற்றிக் குத்தினால் அடுத்த முறை பாட்டு அக்காவைப் பார்த்தாலே பிள்ளை கத்தும்.

கைக்குழந்தைகளுக்கு உகுலேலே எடுப்பதில்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அல்லது 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலை இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விட்டு, குத்துகிறார்கள். குரல் மட்டும், வாயை மூடிய ஹம்மிங், அதுவும் அம்மாவின் நெஞ்சிலிருந்து. குறைமாதக் குழந்தைகள் இருக்கும் தீவிரப் பிரிவுக்குள் இந்தச் சேவை போவதில்லை. அந்த அறையின் மொத்தச் சத்தமே 45 டெசிபலுக்குள் இருக்கவேண்டும் என்பதால் அது நல்ல முடிவுதான்.

ஊசி போட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவது இன்னொரு பொதுவான தவறு. குத்துவது சில நொடி. பிளாஸ்டர் ஒட்டி, கை அட்டை வைத்து, துணி சுற்றுவதுதான் நீளும், பல பிள்ளைகள் அப்போதுதான் அழுகையைத் தொடங்கும். இங்கே கட்டு முடிந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் பாட்டு தொடர்கிறது. இரத்தம் எடுக்கும் அன்றாடப் பரிசோதனைகளில் மட்டும், காலை நேரக் கூட்டத்தில், இது சில சமயம் வெட்டுப்படுகிறது. கவனிக்கவேண்டிய குறை.

ஒரு நரம்பு கிடைக்கவில்லை என்றால்? இரண்டு முறை குத்திக் கிடைக்காவிட்டால் நிறுத்துவது இங்கே எழுதிவைத்த விதி; மூத்த சிஸ்டரோ மயக்கவியல் மருத்துவரோ வரும்வரை பிள்ளை அறையைவிட்டு வெளியே போகும். பாட்டும் நிற்கும். மறுபடி வரும்போது வேறு பாட்டு. மூன்றாவது நான்காவது குத்தலை மூடிமறைக்க இசையைப் பயன்படுத்தக்கூடாது என்பதில் பாட்டு அக்கா உறுதியாக இருக்கிறார். சேவையின் தரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்று இல்லை.

புற்றுநோய்ப் பிரிவில் மாதக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. வீட்டில் தூங்கவைக்கும் பாட்டை ஊசிக்குப் பாடக்கூடாது. நாலைந்து முறைக்குள் அந்தப் பாட்டு ஊசியின் முன்னறிவிப்பாகி, வீட்டில் தூக்கத்துக்குப் பாடினாலும் பிள்ளை மிரளும். 'ஊசிப் பாட்டு' தனி, 'வீட்டுப் பாட்டு' தனி. வீட்டுப் பாட்டை எல்லாம் முடிந்து படுக்கைக்குத் திரும்பிய பிறகு பாடலாம். இதைச் சேர்க்கையின்போதே தாய்மாரிடம் சொல்லிவிடுகிறார்கள். வேறு இடங்களில் இதைச் சொல்வோரை அதிகம் பார்க்க முடிவதில்லை.

முதுகுத் தண்ணீர் எடுப்பதில்தான் சேவை தடுமாறுகிறது. பிள்ளை ஒருக்களித்து, முட்டியை நெஞ்சுக்கு மடக்கி, கூனிப் படுக்கவேண்டும், அசையக்கூடாது. ஆக தாளமும் கிலுகிலுப்பையும் வேண்டாம் என்பது சரி, மெதுவான பதிவிசை சரி, பத்து நிமிடம் முன்பே தொடங்குவதும் சரி. ஆனால் கொடுப்பது காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்க்காது தலையணைக்கும் ஹெட்போனுக்கும் நடுவே நசுங்குகிறது, பிள்ளை தலையை நிமிர்த்துகிறது, அதோடு முதுகெலும்பின் வளைவு போய்விடுகிறது. டாக்டருக்கும் ஊசி நுழைக்க எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கிடைப்பதில்லை. நெற்றிப்பட்டி மாதிரி துணிக்குள் தட்டையான ஸ்பீக்கர் வைத்த ஹெட்பேண்ட் கடைகளில் கிடைக்கிறது. அதையோ, தலையணைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரையோ வைத்தால் போதும். மேல்காது திறந்திருந்தால் "அசையாத கண்ணு" என்று டாக்டர் சொல்வதும் கேட்கும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போது இது இன்னும் முக்கியம்: மானிட்டரின் ஒலி அறையில் எல்லாருக்கும் கேட்கவேண்டும். கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்த பிள்ளை தெளியும் நேரத்தில் அமைதிதான் மருந்து, அப்போது யாரும் பாடக்கூடாது. இதை இங்கே ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

தீப்புண் கட்டு வேறு ரகம். சுடுதண்ணீர் கொட்டிக்கொண்ட பிள்ளைகள் ஆண்டு முழுக்க வருகிறார்கள், தீபாவளியை ஒட்டிப் பட்டாசுக் காயங்கள். கட்டு மாற்ற அரை மணி நேரம்கூட ஆகலாம், வலி ஒரு குத்தாக இல்லாமல் அலை அலையாக வரும். ஒரே பாட்டால் இதைத் தாங்க முடியாது. இங்கே மூன்று பகுதியாகப் பிரிக்கிறார்கள். கட்டை நனைத்து அவிழ்க்கும்போது பிள்ளை பாட்டை நடத்துகிறது: 'நிறுத்து', 'வேகமா', 'மெதுவா' என்று கட்டளை போடலாம், பிள்ளை 'நிறுத்து' என்றால் பாட்டோடு சிஸ்டரின் கையும் பத்து நொடி நிற்கும். கழுவித் துடைக்கும் மோசமான நேரத்தில் சொற்கள் குறைந்து, நீண்ட மூச்சுக்கான ஓசைகள், ஊதிவிடுகிற மாதிரி. புதுக் கட்டுப் போடும்போது மறுபடி இட்டுக்கட்டிய பாட்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் வலி மருந்து உச்சத்துக்கு வரும் முன்பே கட்டைத் தொட்டால் எல்லாம் வீணாகிறது. மருந்து கொடுத்த நேரம் பாட்டு அக்காவின் தாளிலும் எழுதப்பட வேண்டும், நேரம் ஆகவில்லை என்றால் "இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுங்க டாக்டர்" என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். இப்போது அது அன்று பணியில் இருக்கும் டாக்டரின் குணத்தைப் பொறுத்து இருக்கிறது.

பையில் இருக்கும் பொருள்கள்: உகுலேலே, பிளாஸ்டிக் முட்டைக் கிலுகிலுப்பைகள், உள்ளே மணி உருளும் தட்டை வட்டமான கடலலை மேளம் ஒன்று, கட்டைவிரலால் மீட்டும் கலிம்பா ஒன்று, செயற்கைத் தோல் போட்ட கஞ்சிரா. உடும்புத் தோல் கஞ்சிரா சட்டப்படியே தவறு என்பது ஒருபுறம், எந்த மிருகத் தோலையும் 70 சதவீத ஆல்கஹால் துணியால் ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடைக்க முடியாது என்பது மறுபுறம். அதே காரணத்துக்காக இந்த ஊரின் பம்பையும் உடுக்கையும் வார்டுக்குள் வர இயலாது. அவற்றின் நடையைக் கஞ்சிராவில் வாசிக்கலாம், வாசிக்கிறார். ஊதும் கருவிகள் கிடையாது, சரி. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்குக் கருவி தனியாகப் பையில் போட்டு அந்தப் படுக்கையிலேயே இருக்கிறது, இதுவும் சரி. கலிம்பா மட்டும் மரப் பலகையால் ஆனது, வெடிப்பு விட்டிருக்கிறது, துடைத்தாலும் ஈரம் உள்ளே இறங்கும். அதை மாற்றிவிடலாம்.

ஹெட்போன் கொடுக்கும்போது ஒலி அளவுக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஊசி அறையில் அவ்வளவு நேரம் யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், பதற்றத்தில் பெற்றோர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பதால் பூட்டு தேவைதான்.

பாட்டு அக்கா வரமுடியாத நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வார்டில் ஒரு டேப்லெட் இருக்கிறது. இணையம் அணைத்து, பாட்டுகளை முன்கூட்டியே இறக்கிவைத்திருக்கிறார்கள். பெற்றோர் தங்கள் போனில் யூடியூப் போடும்போது நடப்பது தெரிந்ததுதான்: ஊசி இறங்கும் நொடியில் விளம்பரம் வரும், அல்லது ஊரிலிருந்து "எப்படி இருக்கான்?" என்று போன் வரும். வீட்டிலிருந்தே கொண்டுவருவதானால் மூன்று பாட்டை இறக்கிவைத்து, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். படம் வேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்பது பிள்ளையைப் பொறுத்தது; ஏழு எட்டு வயதுக்கு மேல் பலருக்குக் கண்ணை மூடிக் கேட்பது பிடிக்கிறது, சின்னவர்களுக்குப் படம் இருந்தால் எளிது.

யாருக்கு வேண்டாம் என்பதையும் பட்டியலாக வைத்திருக்கிறார்கள், சுவரில் ஒட்டியிருக்கிறது. மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்து வெளிச்சமும் சத்தமும் தாங்காத பிள்ளை, வலிப்பு வந்து சற்று முன்புதான் தெளிந்த பிள்ளை, கடும் காதுவலி, ஒலிக்கு மிரளும் ஆட்டிசப் பிள்ளை. கடைசி வகையில் சில பிள்ளைகளுக்குத் தங்களுக்குப் பழகிய ஒரே ஒரு பாட்டு, ஒரே பதிவு, ஒரே ஒலி அளவில் இருந்தால் மிக நன்றாக வேலை செய்யும். அதைப் பெற்றோர்தான் சொல்லவேண்டும். மேலும் 'எனக்குப் பாட்டு வேணாம், ஊசியைப் பார்க்கணும்' என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல் விடுகிறார்கள். சரியான செயல்.

வலியை அளப்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றுதல் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட்டு மொத்தம் 10-க்கு மதிப்பிடும் ஃபிளாக் அளவையும், பேசத் தெரிந்தவர்களுக்கு முகப் படங்களையும் பயன்படுத்துகிறார்கள். ஊசிக்கு முன், குத்தும்போது, ஐந்து நிமிடம் கழித்து என மூன்று முறை. எல்லாம் நல்லது, ஆனால் மதிப்பெண் போடுவது பாட்டு அக்காவேதான். தான் பாடிய பாட்டுக்குத் தானே மதிப்பெண் போட்டால் மனம் ஒரு பக்கம் சாயும். அதைச் சிஸ்டர் போடவேண்டும். முகப் படம் காட்டும்போது "சிரிச்ச மூஞ்சியைக் காட்டு சாமி" என்று பக்கத்தில் நிற்கும் அப்பத்தா சொல்லிக்கொடுப்பதையும் தடுக்கவேண்டும். உண்மையான எண் தெரிந்தால்தான் அடுத்த முறைக்குக் களிம்பு போதுமா, மருந்தை மாற்றவேண்டுமா என்று முடிவெடுக்க முடியும்.

அறைக்குள் பெரியவர்கள் பேசுவதும் சேவையின் பகுதிதான். "ஆம்பளப் பையன் அழுவானா" என்றும், "அழுதா இன்னொரு ஊசி போட்டுருவாங்க" என்றும் சொல்லும் தாத்தாக்களை வெளியே அனுப்புவதில்லை. ஒரு கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்து, "அப்பாரு, நீங்க தாளம் போடுங்க" என்கிறார் பாட்டு அக்கா. கைக்கு வேலை வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. மருத்துவமனைக்குப் பாராட்டு சொல்ல வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

முன்பதிவைப் பற்றி. திட்டமிட்ட ஊசி, கட்டு எதுவானாலும் முந்தைய நாள் மாலைக்குள் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டால் பட்டியலில் சேர்க்கிறார்கள். காலை முதல் மதியம் வரைதான் ஆள் இருக்கிறார், ஞாயிறு இல்லை. ஒரே ஆள் என்பதால் இரண்டு அறையில் ஒரே நேரத்தில் ஊசி இருந்தால் புற்றுநோய்ப் பிரிவுக்கு முன்னுரிமை. உடுமலையிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ நள்ளிரவில் காய்ச்சலோடு கொண்டுவரும் பிள்ளைக்கு, களிம்புக்கும் நேரமில்லாமல், பசியும் தூக்கமும் பயமுமாக இருக்கும்போது லைன் போடுவது கேஷுவால்டியில்தான். அங்கே பாட்டு இல்லை, டேப்லெட்டும் இல்லை. இன்னொரு ஆளை வேலைக்கு வைக்க முடியாவிட்டால், இரவுப் பணி சிஸ்டர்கள் இரண்டு மூன்று பேருக்காவது அந்த மடி நிலையையும், நிறுத்திப் பாடும் பாட்டையும், அழுகையின் வேகத்தில் தொடங்கி இறக்கும் முறையையும் பாட்டு அக்காவே சொல்லிக்கொடுக்கலாம். உகுலேலே வேண்டியதில்லை, குரல் போதும். கேஷுவால்டி டிரேயில் துடைக்கக்கூடிய கிலுகிலுப்பை இரண்டும், பாட்டு இறக்கிய பழைய போன் ஒன்றும் நிரந்தரமாக இருக்கவேண்டும். அதுவரை, இரவில் பிள்ளையைக் கொண்டுபோகிறவர்கள் வாசலிலேயே "மடியில வெச்சுக்கிறனுங்க, நான் பாடறனுங்க" என்று சிஸ்டரிடம் கேளுங்கள். நாங்கள் அறிந்தவரை இங்கே மறுப்பதில்லை.